காரணம் கேட்கக் கூடாது

வெள்ளி காலை: மூச்சுத்திணறல் மிகுந்ததால் என் தங்கை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய், மூன்றாம் ஆண்டு.

சனி காலை: முகமூடி வழியே செலுத்தும் ஆக்ஸிஜன் உச்ச அளவுக்கு உயர்த்தப்பட்டது.

சனி மாலை: கனடாவிலிருக்கும் அவள் மகன் விமானம் ஏறினான். தொண்டை வழியே குழாய் செலுத்திச் சுவாச இயந்திரத்துடன் இணைக்கலாமா என்று மருத்துவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஞாயிறு காலை: வளைகுடாவில் விமானம் மாறும் இடத்திலிருந்து மகன் தொலைபேசியில் பேசினான். அப்போது அவள் உயிருடன் இருந்தாள்.

ஞாயிறு நண்பகல்: இறந்தாள்.

ஞாயிறு பிற்பகல்: மகன் வந்த விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது.

நடந்தவை இவ்வளவே. இவற்றில் பிழை ஏதும் இல்லை. ஆய்வுக்கூடத்திலேயே நரைத்தவன் நான். என் கைக்கு இப்படித்தான் எழுத வரும். ஆனால் சனி மாலை நான் சொன்ன ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதை இந்தப் பதிவு சொல்லாது. அதைச் சொல்வதற்கு, நாங்கள் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே துறையில், ஒரு நீண்ட அறையின் இரு முனைகளில் வேலை பார்த்த காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

விண்வெளியில் மனித உடலுக்கு நேர்வதைப் பூமியிலேயே படிக்க ஒரு வழி உண்டு. நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவரை, தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும். உணவும் குளியலும் படுத்தபடியேதான். கால்களில் தங்க வேண்டிய குருதி மார்புக்கும் முகத்துக்கும் ஏறும். முகம் உப்பும், மூக்கடைக்கும், சோறு ருசிக்காது. தன்னிடம் நீர் அதிகமாகிவிட்டது என்று உடல் தவறாகக் கணித்து அதை வெளியேற்றும். பாரம் சுமக்காத எலும்பு கரையும்; கெண்டைக்கால் இளைக்கும். பூமியை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல் அந்த மனிதர் பாதி விண்வெளி வீரர் ஆகிவிடுவார். கடைசி நாளில் அவரைச் சாய்வு மேசையில் வாரால் கட்டி, மெல்ல நிமிர்த்தி நிற்க வைத்து, இதயம் அதை எப்படித் தாங்குகிறது என்று அளப்போம். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அத்தனை வாரமும்.

ஆய்வை வகுத்தவன் நான். என் தங்கை மருத்துவர். படுத்திருப்பவர்களின் உடல்நலத்துக்கு அவள் பொறுப்பு. எந்தச் சோதனையையும் எந்தக் கணத்திலும் நிறுத்தும் அதிகாரம் இருவருக்கே இருந்தது: படுத்திருப்பவருக்கும், அவளுக்கும். எனக்கு இல்லை. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

விதியின் மறுபாதியும் அவளுடையது. நிறுத்தச் சொல்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது. நான் அதை எதிர்த்தேன். காரணம் தெரியாவிட்டால் அது என்ன அறிவியல் என்றேன். அவள் தன் முனையிலிருந்து எழுந்து வந்து என் மேசையருகே நின்றாள். “அண்ணா, நீ ப்ரொஃபஸர். ஏன்னு நீ ஒரு வார்த்தை கேட்டாப் போறும், இந்தப் பிள்ளைகள் ‘ஒண்ணுமில்லை சார்’ன்னு திரும்பப் படுத்துண்டுடும். மரியாதையிலேயே செத்துப்போற ஊராக்கும் இது” என்றாள். நிறுத்துவதற்கான சொல்லையும் அவளே தேர்ந்தாள்: மதி, அதாவது போதும். இலையில் மேலும் சோறு விழாமல் கையை விரித்து இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் சொல். மலையாளத்துக்கும், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுத் தமிழுக்கும் பொதுவானது. பெரியவர்களிடம் மறுப்பே சொல்லிப் பழகாதவர்களுக்கும் அந்த ஒரு மறுப்பு கூசாமல் வரும் என்பது அவள் கணக்கு. “ஆத்துல மதின்னு சொன்னாலும் ஒரு கரண்டி கூடப் போடுவா. இங்கே போட மாட்டோம். அவ்வளவுதான் வித்தியாசம்” என்று அவர்களுக்கு அவள் விளக்குவாள். அவர்கள் படுத்தபடியே சிரிப்பார்கள்.

படுத்திருந்தவர்களில் வித்துரா என்ற ஊருக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் இருந்தான். உடற்கல்வி மாணவன். அவனைப் பார்க்க வந்த அவன் தாய், துணிப்பையிலிருந்து வீட்டுத் தலையணை ஒன்றை எடுத்து மகன் தலைக்குக் கீழே செருகப் போனாள். செவிலி ஓடிவந்து தடுத்தாள்.

“புள்ள தலைய தாழ்த்திப் போட்டு, ரத்தமெல்லாம் மூஞ்சிக்கு ஏறிக் கெடக்கு. இதுக்குப் பேரு படிப்பா டாக்டரம்மா?”

“படிப்புதான் அம்மா.”

“அப்ப வாத்தியாருங்களும் இப்படிப் படுப்பாங்களா?”

“நான் மொதல்ல படுத்துப் பாத்துட்டுத்தான் உங்க பிள்ளையைப் படுக்க வெச்சேன்” என்றாள் தங்கை. அது உண்மை. பிறகு என் பக்கம் கைகாட்டி, “அவர் படுக்கல்லே. அவரைத் தலைகீழாத் தொங்க விட்டாலும் புத்திக்கு ரத்தம் ஏறாது” என்றாள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. தலையணையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, தலை வடக்குப் பார்த்துக் கிடக்கிறதே, அதையாவது மாற்றக் கூடாதா என்று கேட்டாள். மறுநாள் எல்லாக் கட்டில்களும் திருப்பிப் போடப்பட்டன. கம்பிகளையும் கருவிகளையும் நான் முழுதாக மாற்றி இணைக்க வேண்டியிருந்தது.

அந்த இளைஞன் ஓயாத கேலிக்காரன். வாரம் போகப் போக மற்றவர்கள் சோர்ந்தபோதும் அவன் வாய் ஓயவில்லை. “டாக்டரம்மா, பூமி இன்னும் கீழதானே இருக்கு? ஒண்ணு எட்டிப் பாத்துச் சொல்லுங்க” என்பான். சாய்வு மேசைச் சோதனையை அவன் ஒரு பந்தயமாக எடுத்துக்கொண்டிருந்தான் என்பதை நாங்கள் பின்னால்தான் அறிந்தோம். நின்று காட்டினால் தேர்ச்சி. மதி என்றால் தோல்வி.

சோதனை நாளன்று மேசை நிமிரத் தொடங்கியதும், “சார், நான் வளந்துட்டேன் போலிருக்கே” என்றான். அது சரிதான், நெடுநாள் படுத்தவரின் முதுகெலும்பு சற்று நீளும். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். துடிப்பு விரைந்தது, அழுத்தம் சிறிது இறங்கியது. இரண்டும் எதிர்பார்த்த எல்லைக்குள்ளேயே இருந்தன. அறையில் யாரும் பேசவில்லை. தங்கை திரையைப் பார்க்கவே இல்லை. அவன் ஒருமுறை கொட்டாவி விட்டான்.

“மதி” என்றாள்.

“எல்லாம் எல்லைக்குள்ளேதான் இருக்கு” என்றேன்.

அவள் திரும்பவில்லை. அவள் கை ஏற்கெனவே நெம்புகோலில் இருந்தது. மேசை கீழிறங்கிக்கொண்டிருக்கும்போதே என் திரையில் இதயத்தின் கோடு தட்டையானது. ஒரு நீண்ட மூச்சின் அளவு அது தட்டையாகவே ஓடியது. பிறகு ஒரு துடிப்பு, சற்றுப் பொறுத்து மற்றொன்று, பின் வரிசையாக. இளைஞன் கண் திறந்து, “முடிஞ்சுதா? பாஸா?” என்று கேட்டான்.

“பாஸ். எழுந்துக்கப்படாது” என்றாள் தங்கை. அவன் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

எப்படித் தெரிந்துகொண்டாய் என்று அன்று மாலை கேட்டேன். அவள் கோபத்தில் இருந்தாள். என் மீதா, அவன் மீதா என்று தெரியவில்லை. “அவன் கேலி பண்றதை நிறுத்திட்டான். அப்பறம் என்ன நம்பர் வேணும் நோக்கு?” என்றாள்.

இருவரும் ஓய்வு பெற்றோம். அவள் கணவர் முன்னமே போய்விட்டார். மகன் படித்து முடித்துக் கனடாவுக்குப் போனான். எங்கள் பழைய வீட்டில் ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் நானும் அந்தப்பக்கம் அவளுமாக இருந்தோம். நோய் வந்த பிறகு அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். நாற்காலியில் நிமிர்ந்தே உறங்கினாள். ஆரோக்கியமானவர்களை வாரக்கணக்கில் தலை தாழ்த்திப் படுக்க வைத்தவளுக்குக் கடைசி மாதங்களில் ஒரு மணி நேரம் படுத்திருப்பது எட்டாத ஆசையாக இருந்தது.

சென்ற மாதம் ஒரு காலையில், காப்பி ஆறிக்கொண்டிருக்க, அவள் பேசினாள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கியது.

“அண்ணா, ஒண்ணு சொல்றேன். கேட்டுண்டா மதி, பதில் வேண்டாம். எப்பவானாலும் சரி, நேக்குக் குழாய் போட விடப்படாது.”

“குழந்தைகிட்டச் சொன்னாயா?” என்றேன். அவள் மகன் எங்கள் இருவருக்கும் இன்றும் குழந்தைதான்.

“இல்லை. அவன் ஏன்னு கேப்பான். நீ கேக்க மாட்டாய்.”

நான் கேட்கவில்லை.

சனி மாலை அவள் மகன் விமானம் ஏறும் வாயிலில் நின்று பேசினான். “மாமா, ஏறப்போறேன். நடுவில இறங்கினதும் கூப்பிடறேன். நான் வர்ற வரைக்கும் என்ன பண்ணியாவது வெச்சுக்கச் சொல்லுங்கோ. ஒரு நாள்தான் மாமா.” நான், “ஜாக்கிரதையாக வா” என்றேன். வாக்குக் கொடுக்கவில்லை. அவன் அதைக் கவனித்தானா என்று தெரியாது. பிறகு அவன் யாராலும் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டான்.

இளம் மருத்துவர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். மலையாளி, எனக்காகத் தமிழில் பேச முயன்றார். “சார், டியூப் போட்டா மகன் வர்றது வரைக்கும் கொண்டுபோகலாம்னு தோணுது. உறப்பா, நிச்சயமாச் சொல்ல முடியாது. நோய் மாறப்போறதில்லை. சார் தீருமானிக்கணும்” என்றார். யோசிக்கச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

தங்கை கண்மூடி இருந்தாள். கரியமில வாயு குருதியில் சேரச் சேர உறக்கம் கனக்கும்; காலமும் இடமும் கலையும். நான் அருகில் உட்கார்ந்ததும், முகமூடிக்குள்ளிருந்து, தெளிவாகவே கேட்டாள்: “கொழந்தை வந்துட்டானா?”

“வந்துண்டிருக்கான்” என்றேன். அவள் மீண்டும் உறக்கத்தில் அமிழ்ந்தாள்.

அந்தக் கேள்வியை எப்படி எடுத்துக்கொள்வது? மகனைப் பார்க்க வேண்டும், அதுவரை என்னை வைத்திரு என்பதாக இருக்கலாம். அப்படியானால் சென்ற மாதம் சொன்னதை அவள் மாற்றிக்கொண்டுவிட்டாள். அல்லது வேறொன்று. அவன் பள்ளியில் படித்த நாட்களில், நான் முன்னதாகத் துறையிலிருந்து திரும்பியிருந்தால், மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அதுவே, அதே சொற்களில். எந்தக் குழந்தை, எந்த மாலை? இரண்டு விளக்கத்துக்கும் ஆதாரம் சமமாக இருந்தது. அவளைத் தட்டி எழுப்பி, என்ன கருதினாய் என்று கேட்டிருக்கலாம். விழித்தாலும் அவள் எந்த மாலையிலிருந்து பதில் சொல்வாள்? ஆய்வுக்கூடத்தில் நிறுத்தினால் மனிதன் கண் திறந்து தேர்ச்சியா என்று கேட்பான். இங்கே அப்படி இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வராந்தாவுக்குத் திரும்பிப் போய், வேண்டாம் என்றேன். மருத்துவர் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஞாயிறு காலை மகன் பேசியபோது, “இருக்காளா?” என்றான். “இருக்கிறாள்” என்றேன். அவன் மூச்சு விடும் ஓசை கேட்டது. அறிவிப்பு ஒன்று குறுக்கிட்டது. வைத்துவிட்டான்.

பிற்பகலில் விமான நிலையத்துக்கு நானே போனேன். வெளிவாயிலில் அவன் வரும்போது முகத்தைப் பார்க்க முடியாமல் கால்களைப் பார்த்தேன். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் நீர் இறங்கிப் பாதம் வீங்கியிருந்தது. காலணியின் பின்பக்கத்தை மிதித்து மடித்து நடந்து வந்தான்.

“எப்போ மாமா?”

“மத்தியானம்.”

“டியூப் போட்டாளா?”

“போடல்லே. வேண்டாம்னு அவள் சொல்லியிருந்தாள்.”

“எப்போ சொன்னா?”

“போன மாசம்.”

பின்னால் வந்தவர்கள் தள்ளுவண்டிகளோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் நகரவில்லை. “நேத்திக்கு என்ன சொன்னா?”

“நேத்திக்கு மயக்கத்தில் இருந்தாள்” என்றேன். அது பொய் அல்ல.

காரியங்கள் எல்லாவற்றையும் அவன் முறையாகச் செய்தான். என்னிடம் மரியாதை குறையவில்லை. புறப்படும்போது நமஸ்கரித்தான். ஆனால் அந்த நாட்களில் ஒருமுறைகூட ‘மாமா’ என்று தொடங்கி ஒரு கேள்வி கேட்கவில்லை. சிறு வயதிலிருந்து கேள்விகளாலேயே என்னைத் துளைத்தவன் அவன்.

செய்யாமல் இருப்பவை:

வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் இயந்திரத்தைக் கடைக்காரர் வந்து எடுத்துப்போகச் சொல்ல வேண்டும்.

வித்துராக்காரனுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இப்போது அவன் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியன்.

அவள் புடவைகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் குறிப்பு அச்சாவதற்கு முன், அவள் மகனைக் கூப்பிட்டு, உன் அம்மா சனி மாலை உன்னைக் கேட்டாள் என்று என் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பின் அவன் என்ன கேட்டாலும், ஏன் என்று கேட்டாலும், பதில் சொல்ல வேண்டும்.