வாரத்துக் குட்டி

அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போகும் சாலை நான்கு வழியாகிவிட்டது. வாசலில் நின்ற கார்களை எண்ணிக்கொண்டே உள்ளே போனேன். ஓர் அம்மாள் ஒரே ஒரு மெலிந்த குட்டியோடு நின்றிருந்தாள்.

"வாரத்துக்கு வளக்கேன்யா. இது எம்பங்கு."

குனிந்து தொட்டதும் ஈர ரோம வாடை மூக்கில் ஏறியது.

சிறுவயதில் குஜிலியம்பாறையில் நாங்களும் பண்ணையாரின் ஆட்டைத்தான் வாரத்துக்கு வளர்த்தோம். இரண்டு குட்டி போட்டால் ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு. முதலில் எடுப்பவர் அவர். ஒரு வருடம், குட்டியை விற்றுத் தோடு வாங்கித் தருவதாக அப்பா அக்காளிடம் சொல்லியிருந்தார். அவள் கருப்புக் குட்டியைத் தனதென்று நினைத்துத் தன் கஞ்சியில் பாதியை அதற்கு ஊட்டினாள்.

பண்ணையார் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். "ஏலே, கருப்பு கனமா இருக்குலே" என்று அதையே பிடித்துப் போனார். மற்றது அடைமழைக்குத் தாங்கவில்லை. ஈர்க்குச்சி செருகிய காதோடுதான் அக்காள் மணவறையில் உட்கார்ந்தாள்.

"கூடப் பிறந்த குட்டி எங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஓனர் எடுத்துக்கிட்டாருய்யா. மதுரையில இருக்காரு. போன்ல வீடியோ பாத்தே எதுன்னு சொல்லிட்டாரு." அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "காலேஜ் பீசுக்குன்னு எம்மக பாத்துப் பாத்து ஊட்டுனது அதத்தான்."