தரணிதரன் சேர் சேவைக்குப் போன வெள்ளிக்கிழமை

தரணிதரன் சேருக்கு வயது ஐம்பத்திரண்டு. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். ஊர் எது என்று கேட்டால் 'நுவரெலியா' என்பார், அதுவும் ரேஸ் கோர்ஸுக்கு எதிர் வீடு என்பதுபோல. இப்போது ஹட்டன் டவுனில் ஒரு பாடசாலையில் எட்டாம் தரத்துக்குக் குடியுரிமைக் கல்வி சொல்லித் தருகிறார். பாடம் அப்படி, குடிமகன் இப்படி.

இருபத்தாறு வருடச் சேவையில் அவருக்குக் கைவந்த ஒரே வித்தை, அடுத்தவர் வேலைக்கு முன்னால் போய் நின்றுகொள்வது. சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு முதல் வரிசையில் நிற்பார். போட்டோ எடுத்து முடிந்ததும் மண்வெட்டி ஒரு பிள்ளையின் கைக்குப் போகும். சேர் டீக்கடைக்குப் போவார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. ஏதாவது ஒரு பாடசாலைக்குப் பிரதி அதிபர் ஆகவேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதமும் வந்துவிட்டது, திங்கட்கிழமை வரச்சொல்லி. கோப்பில் எல்லாம் இருந்தது. 'சமூக சேவை' என்ற பகுதியில் மட்டும் ஒன்றும் இல்லை. அதற்குப் பத்துப் புள்ளி. ஒரு நல்ல போட்டோ இருந்தால் போதும். ஆகவே அவருக்கு அந்த வாரம் திடீரென்று மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள்மேல் இரக்கம் பெருக்கெடுத்தது.

மஸ்கெலியாவுக்கு அப்பால் அப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பாடசாலை உண்டு. வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு மாணவரை அழைத்துக்கொண்டு போய் இரண்டு சக்கர நாற்காலிகள் கொடுப்பது என்று முடிவாயிற்று. நாற்காலி வாங்கித் தந்தவர் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் வைரவன் முதலாளி. அவர் மகன் கோகுலராஜ் இதே வகுப்பு. என்ன அளவு எடுப்பது என்ற கேள்வி வந்தபோது முதலாளி முப்பது வருட வியாபார அனுபவத்தோடு பதில் சொன்னார்.

"பிள்ளைங்களுக்கு எதையும் ரெண்டு சைஸ் கூட எடுக்கணும் சேர். வளந்துக்குவாங்க."

சேருக்கும் அது சரியாகவே பட்டது. பெரிதாக இருந்தால் போட்டோவிலும் தெளிவாகத் தெரியும்.

நோர்வூட் தாண்டுவதற்குள் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். முன் சீட்டில் மடியில் பெனரோடு உட்கார்ந்திருந்த சேர் திரும்பிப் பார்க்கவில்லை. கேஷிகா என்ற பெண்பிள்ளைதான் முகர்ந்து பார்க்கத் தேசிக்காயும் பையும் எடுத்துக்கொண்டு சீட் சீட்டாக ஓடினாள். பெனரில் 'சேவையே எமது மூச்சு' என்று எழுதி, சேரின் படத்தைப் பாதி அகலத்துக்குப் போட்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் மூச்சு இருந்தது.

அந்தப் பாடசாலையின் அதிபர் இந்திராதேவி டீச்சர் வாசலுக்கு வந்தார். மாலை இல்லை, ஆரத்தி இல்லை, மங்கள விளக்கும் இல்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க சேர். பெனர சுருட்டி பஸ்ஸுலயே வச்சிடுங்க. போனும் பைக்குள்ள இருக்கட்டும்."

"ஒரே ஒரு போட்டோ டீச்சர்..."

"போன மாசம் ஒரு கோஷ்டி வந்து ஒரு பாக்கெட் பிஸ்கட் குடுத்துட்டு நாப்பது போட்டோ எடுத்தாங்க. பாக்கெட்டுல பன்னெண்டு பிஸ்கட்டுங்க. அன்னையிலேருந்து பிள்ளைங்கள படம் எடுக்கக் கூடாதுன்னு தாய்தகப்பன் எல்லாரும் சொல்லிட்டாங்க."

சேர் தன் துருப்புச் சீட்டை இறக்கினார். பிளாஸ்டிக் உறையோடு சக்கர நாற்காலிகள் இறங்கின. டீச்சர் ஒன்றை விரித்து, ஒரு பையனைத் தூக்கி உட்கார வைத்தார். பாத்தியில் ஒற்றை முள்ளங்கிபோல் பையன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே காணாமல் போனான்.

"இது பெரியாளுங்க சைஸ் சேர். இங்க இருக்கிறதெல்லாம் ஆறு வயசு, ஏழு வயசு. இதுல ஒக்காந்தா முதுகு வளைஞ்சு போகும். அளவு கேட்டு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"வளந்துக்குவாங்க தானே டீச்சர்..."

"தீவாளிக்கு எடுக்கிற கவுனுங்களா இது?"

மாணவர்கள் சிரித்தார்கள். சேர் முறைத்ததும் சிரிப்பு பின்வரிசைக்குப் போய் அங்கே தொடர்ந்தது.

"சரி, வந்தது வந்துட்டீங்க. சாப்பாட்டு நேரம். ஆளுக்கொரு பிள்ளைக்கு ஊட்டி விடுங்க. சேர், நீங்களும்தான்."

பூசணிக்காயோடு குழைய மசித்த சோறு. வீட்டில் தான் தின்ற கோப்பையைக்கூடக் கழுவாத கோகுலராஜின் வெள்ளைச் சட்டையில் முதல் வாய் அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் வாயும் வந்தது. "மெதுவாண்ணே, அவன் முழுங்குற வரைக்கும் பாத்துக்கிட்டு இருங்க" என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வாய் உள்ளே போனது. இந்தச் சாதனை நடந்த நேரத்தில் தரணிதரன் சேர் வெளியே வேலியோரம் நின்று, அழைப்பே வராத ஒரு போனில் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார். மலைப் பக்கத்தில் சிக்னல் கிடைக்காது என்பதை யார் நம்பமாட்டார்கள்?

நாற்காலிகள் மறுபடி பஸ்ஸில் ஏறின. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். சேர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் கரை வந்ததும், "நிப்பாட்டுங்க!" என்றார்.

"கோகுலராஜ், கேஷிகா, இறங்குங்க. அந்த ரெண்டுலயும் ஒக்காருங்க. மத்தவங்க பெனரப் பிடிங்க."

பெரியாட்கள் நாற்காலி எட்டாம் தரத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. சேர் இருவர் கழுத்திலும் சால்வை சுற்றினார். மடியில் கம்பளி போர்த்தினார்.

"சேர், நாங்க சேவை செய்ய வந்தவங்களா, வாங்க வந்தவங்களா?" என்றாள் கேஷிகா.

"வாய மூடு. மூஞ்சியக் கொஞ்சம் பாவமா வச்சுக்க."

"இத நெனச்சாலே பாவமாத்தான் சேர் இருக்கு."

அது போட்டோவில் நன்றாகவே விழுந்தது. நடுவில் சேர், ஒரு கை கோகுலராஜின் தலைமேல், கண்கள் தூரத்து மலைமேல்.

திங்கட்கிழமை நேர்முகப் பரீட்சைச் சபையில் மூன்று பேர் இருந்தார்கள். கீழே மஸ்கெலியாப் பாடசாலையின் பெயர் எழுதியிருந்த அந்தப் போட்டோவில் தலைவர் நின்றுவிட்டார்.

"இந்தப் பையன் யாரு?"

"கோகுலராஜ்ங்க. அப்பாவுக்கு பஜார்ல கடை. கணக்குல கெட்டிக்காரன், தமிழ்லதான் கொஞ்சம் எழுத்துப் பிழை. அவுங்க அம்மா எங்கிட்டதான் வந்து அழுவாங்க."

"இந்தப் பிள்ளை?"

"கேஷிகா. நல்லாப் பாடும். வாய்தான் கொஞ்சம் நீளம்."

"இவங்கள எப்பவாச்சும் போய்ப் பாக்குறதா?"

"வாரத்துல அஞ்சு நாளும் பாக்குறேங்க."

கவனிக்கவும், மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வந்த விண்ணப்பக்காரர் அத்தனை பேரிலும் தன்னோடு போட்டோவில் நிற்கும் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பத்துக்குப் பத்து.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. பிரதி அதிபர்! சேர் நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் வரி வந்ததும் உட்கார்ந்தார். 'விசேட தேவையுடைய பிள்ளைகளிடம் தாங்கள் காட்டும் நெருக்கத்தைக் கருத்திற்கொண்டு' மஸ்கெலியாவுக்கு அப்பால் உள்ள அதே பாடசாலைக்கு நியமித்திருந்தார்கள்.

ஒரு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு முதுகுவலி என்று காரணம் எழுதி, மாற்றம் கேட்டுக் கல்விப் பணிமனைக்குப் போனார். கிளார்க் கோப்பைத் திறந்தார், போட்டோவைப் பார்த்தார், எழுந்தே நின்றுவிட்டார்.

"உங்களைப் போய் மாத்துறதா சேர்? அந்தப் பிள்ளைங்க ஏங்கிப் போயிடாதா? இந்தப் பாவம் எங்களுக்கு வேணாம். முதுகுக்கு நல்ல தைலமா வாங்கித் தடவுங்க."

சேர் நன்றி சொல்லிவிட்டு மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஓடினார். பன்னிரண்டு மணிக்கு ஒரு பிள்ளை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். பிரதி அதிபர் வரும்வரை அதற்கு வேறு யாரும் ஊட்டக்கூடாது என்பது இந்திராதேவி டீச்சரின் உத்தரவு.