சாவி புரோக்கரிடம் இருந்த வீடு

இரவு டியூட்டி முடிந்து வந்து படுத்து, நர்ஸம்மாவுக்குக் கண் செருகும் நேரம் பார்த்துத்தான் கதவு திறக்கும். மணியெல்லாம் அடிப்பதில்லை, புரோக்கரிடம் ஒரு சாவி இருந்தது.

“தூங்குங்க சிஸ்டர், தூங்குங்க. நாங்க சும்மா பார்த்துட்டுப் போயிடறோம்.”

சொல்லிக்கொண்டே முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தைப் படுக்கையறை வரை கூட்டி வந்துவிடுவார். அலமாரியைத் திறக்கிற சத்தமும், “ஜன்னல் ரொம்பச் சின்னது,” “சுவர்ல ஈரம்” என்கிற பேச்சும் போர்வைக்குள் கிடக்கும் அவள் காதில் விழும். அவர்கள் போன பிறகு தூக்கமும் அவர்கள் பின்னாலேயே படியிறங்கிவிடும்.

“வந்தவங்கள்ல ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க,” என்றார் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவர். “வீட்டோட சேர்த்து நானும் விலைக்கான்னு சந்தேகம் போல.”

“உங்களைச் சும்மா கொடுத்தாலும், படியில யாரு தூக்கிட்டுப் போறது?”

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் விஷயமே அந்தப் படிகள்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டி இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டவருக்கு இரண்டாம் மாடி சிறையாகிவிட்டது. இதை விற்றால்தான் தரையோடு ஒரு வீடு.

வழி அடுத்த வாரமே தானாக வந்தது. கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த எலக்ட்ரீஷியன் மேலே வந்து தயங்கி நின்றான். “அக்கா, இந்த வீட்டை நானே வாங்கிக்கறேனே. லோனுக்குச் சரின்னுட்டாங்க.”

அவள் சந்தோஷத்தில் அப்போதே புரோக்கருக்குப் போன் போட்டாள்.

“நல்ல விஷயம் சிஸ்டர். ஆனா யார் வாங்கினாலும் என் கமிஷன் வந்துடணும். நீங்களே ஆள் பிடிச்சாலும் சரி. ஒப்பந்தத்துல இருக்கே, படிக்கலையா?”

படிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் லோனில் தரக்கூடிய விலையில் அந்தக் கமிஷனும் போனால் தரைவீடு கைக்கு எட்டாது.

கையெழுத்துப் போட்ட காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. டியூட்டி முடித்த அலுப்பு. புரோக்கர் தாளைத் திருப்பித் திருப்பி, “இங்க, இங்க, அப்புறம் இங்க” என்று விரலை வைத்தார். “பயப்படாதீங்க, எல்லாருகிட்டயும் வாங்கற பேப்பர்தான்” என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் வீட்டாரிடம் அவளே சொல்கிற வாக்கியம் அது. விரல் வைக்கிற விதம்கூட அவளுடையதுதான். தன் குரலையே கேட்டது போல நம்பிவிட்டாள். நகல் கேட்டால் மனுஷனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை, யூனிபாரத்தோடே அவர் ஆபீஸுக்குப் போனாள்.

“நகல் எதுக்கு சிஸ்டர்? எங்கிட்ட பத்திரமா இருக்கு.”

“என் வீட்டுச் சாவியும்தான் உங்ககிட்ட பத்திரமா இருக்கு. நகலைக் கொடுங்க.”

சாப்பாட்டு மேஜையில் வைத்து, கணவரின் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, இருவரும் வரி வரியாகப் படித்தார்கள். கமிஷன் விஷயத்தில் புரோக்கர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் விலகலாம். விலகிய பிறகு, புரோக்கர் அழைத்து வந்து காட்டிய ஆள் வாங்கினால் மட்டுமே கமிஷன். அதற்கும் கீழே, வீட்டைக் காட்ட வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது.

“இத்தனை நாள் உன் தூக்கம் இந்தப் பேப்பருக்குள்ளதான் கிடந்திருக்கு,” என்றார் கணவர்.

அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. விலகல் கடிதத்தை எழுதி முடித்தாள். அதுவரை பொறுப்பாயா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டதற்கு, “ஒரு மாசம்தானே அக்கா, நான் எங்க ஓடிடப் போறேன்?” என்றான்.

அடுத்த நாளும் கதவு திறந்தது. ஆனால் அவள் படுக்கையில் இல்லை. வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு வர்றதா யாரும் சொல்லலை,” என்று பின்னால் நின்ற தம்பதியை அனுப்பிவிட்டு, புரோக்கரிடம் கடிதத்தை நீட்டினாள். வார்டுக் குரல் தானாக வந்தது. “கிடைச்சதுன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்.”

அவள் விரல் வைத்த இடத்துக்கு அவர் பேனாவைக் கொண்டுபோய்விட்டார்.

“நில்லுங்க. படிச்சுட்டுப் போடுங்க.”

அவர் படித்தார். முகம் தொங்கிப்போயிற்று. “கீழ்வீட்டுக்காரனுக்காகத்தானே இந்த வேலை? அவனும் வீட்டைப் பார்த்த ஆள்தான். என் கணக்குல வருவான்.”

“அவன் வருஷக்கணக்கா எங்க ஃபியூஸைப் பார்த்துட்டிருக்கான் சார்,” என்றார் கணவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே. “அதுக்கும் நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களோ?”

புரோக்கர் கையெழுத்துப் போட்டார்.

“சாவி?” என்றாள்.

அதையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவள் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கட்டிலில் விழுந்தாள்.

“ஏம்மா, அந்தாளு படிக்காமலே போட்டிருப்பாரே. நீ ஏன் தடுத்தே?”

அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள். கணவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை நடந்து, உள்தாழ்ப்பாளைப் போட்டார்.