சுட்டியை நிறுத்தினால் திறக்கும் பெட்டி

கணினிக்கு நாங்கள் எழுதும் நிரலில் ஒரு கட்டளையின் பெயர்மேல் சுட்டியை நிறுத்தினால், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அங்கே என்ன கொடுக்க வேண்டும், எண்ணா எழுத்தா, பதிலுக்கு என்ன வரும் என்று இரண்டு வரியில் சொல்லும். பிள்ளை பெற்றுப் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குத் திரும்பிய புதிதில், யாராவது என் நாற்காலிக்குப் பின்னால் வந்தால் அந்தப் பெட்டியை மறைத்துவிடுவேன். இத்தனை வருடம் வேலை பார்த்தவள் இன்னும் பார்த்துத்தான் எழுதுகிறாளா, இனி இவளை நம்பலாமா என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். வீட்டிலும் அப்படித்தான். எத்தனை கரண்டி பால் மாவு என்று தினமும் டின்னைத் திருப்பிப் படிப்பேன், மாமியார் பார்க்காத நேரமாக.

அப்போது குழந்தைகள் கிளினிக் ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். தடுப்பூசிக்கு ஒரு நாள் முன்னதாகத் தாய்மாருக்கு நினைவூட்டுச் செய்தி போக வேண்டும். மேலாளர் எனக்குப் பின்னால் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறக்கக் கூச்சப்பட்டு, ஒரு நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரம்தானே என்று, எவ்வளவு முன்னதாக என்ற இடத்தில் 24 என அடித்து, சரிபார்க்க அனுப்பிவிட்டேன்.

அதைச் சரிபார்த்தவள் பக்கத்து மேசைத் தோழி. கிள்ளான்காரி, வாய் சும்மா இருக்காது. செய்தி அனுப்பும் அந்தப் பகுதியை முதலில் எழுதியவளும் அவள்தான். நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

“என்னப்பா, கிளினிக் வாசல்ல செருப்பு கழட்டுறவங்களுக்கா ரிமைண்டர் அனுப்புற? இது நிமிஷக் கணக்குல கேக்குது லா.”

மறந்துபோய் வீட்டிலிருக்கும் ஒரு தாய்க்கு, நேரம் நெருங்கியபின் செய்தி வருவதை நினைத்துக்கொண்டே 24ஐ அழித்தேன். “நீ எழுதுனது, உனக்கு ஞாபகம் இருக்கு. எனக்குப் பிள்ளை பெத்ததுலேருந்து ஒண்ணும் மண்டையில நிக்கல.”

“யாருக்கு ஞாபகம் இருக்கு? இப்பதான் மௌஸ வெச்சுப் பார்த்தேன். மறந்துடுவேன்னு தெரிஞ்சுதானே அதுல எழுதியே வெச்சேன்!”

நிமிடக் கணக்கில் 1440 என்று மாற்றினேன். செய்தி இன்னும் யாருக்கும் போகத் தொடங்கியிருக்கவில்லை. அன்று மாலை மாமியார் எதிரிலேயே பால் டின்னைத் திருப்பிப் படித்தேன். அவர் எழுந்துபோய், நான் வாசிக்க வசதியாக விளக்கைப் போட்டார்.

தோழி இப்போது வேறு அலுவலகத்தில். மகள் பால் டின்னை விட்டு நாளாகிறது. இன்று காலை, போன வாரம் நானே எழுதிய ஒரு பெயரின்மேல் சுட்டியை நிறுத்தினேன். பெட்டி திறந்தது. மேலாளர் பின்னால் வந்து நின்றார். கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் திரும்பினேன்.