வெள்ளத்துக்கு நடுவே காய்ந்து கிடந்த குழி

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் அடித்த ஒரு வியாழக்கிழமை காலை. லப்பைக்குடிக்காட்டில், ஒரு வீட்டின் தரைக்குக் கீழே இருந்த அறையில் நின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்கார அக்கா, அவரிடம் தையல் வேலை பார்க்கும் நாலு பெண்கள், கொத்தனார், நான். இல்லாதவர் ஒருத்தர்தான். அக்காவின் வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். ஆனால் அக்கா கையில் இருந்த போனில் அவர் முகம் தெரிந்துகொண்டே இருந்ததால் அவரையும் பாதி ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அறை முழுக்க மூணு அங்குலத் தண்ணீர். மூலையில் நான் போட்ட குழி. குழிக்குள் நான் பெரம்பலூரில் வாங்கிவந்து இறக்கிய புது மோட்டார். தண்ணீரை வெளியேற்றத்தான் அந்தக் குழியும் மோட்டாரும். ஆனால் அறை குளமாக நிற்க, குழி மட்டும் சுத்தமாகக் காய்ந்து கிடந்தது! மோட்டார் உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் பார்த்த கட்டடங்களை மனசில் வைத்து, ஆசை ஆசையாக வீட்டுக்கு அடியில் அந்த அறையைக் கட்டினார். அவர் பார்த்தது பாலைவன ஊர். இங்கேயோ கொஞ்ச தூரத்தில் வெள்ளாறு. ஆற்றில் தண்ணீர் ஓடினால் போதும், பூமிக்குள் ஊற்று ஏறி, தரையும் சுவரும் சேரும் மூலை வழியாக அறைக்குள் கசிய ஆரம்பித்துவிடும். கோடையில் அதைவிடக் குளுகுளு இடம் கிடையாது. அக்கா அங்கேதான் அஞ்சு மெஷின் போட்டு பர்தாவும் ஸ்கூல் யூனிஃபார்மும் தைத்துக் கொடுத்தார். கைப்பிள்ளையை விட்டுவிட்டுத் தூரமாகப் போக முடியாத நாலு பெண்களுக்கு அது பக்கத்திலேயே கிடைத்த வேலை. மழைக்காலம் வந்தால் மெஷினை எல்லாம் மேலே தூக்கி, வேலையும் நின்றுவிடும். மேலே வேறு இடமும் இல்லை.

வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். மோட்டார் போட்டுப் பார்ப்போம், இந்த மழைக்கும் தண்ணி வந்தால் ரெண்டு டிப்பர் கிராவல் கொட்டி அறையை மூடிவிடுவோம் என்று.

அந்த வேலைதான் என்னிடம் வந்தது. நான் எலெக்ட்ரிகல் டிப்ளமா. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர், அம்மா கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். தனியாக நான் பிடித்த முதல் வேலை இது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மொபைலில் பத்து வீடியோ பார்த்தேன், நோட்டில் படம் போட்டேன். அறையின் தாழ்ந்த மூலையில் ரெண்டரை அடிக்குக் குழி, அதில் மிதவை வைத்த மோட்டார். குழியில் தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கும், மோட்டார் தானாக ஓடித் தண்ணீரைத் தெரு வாய்க்காலுக்குத் தள்ளும். இறங்கினால் தானாக நிற்கும். கொத்தனாரிடம் இதைச் சொன்னபோது எனக்கே புல்லரித்தது.

கொத்தனார் எங்கள் ஊர்க்காரர்தான், அம்மா அவரிடம்தான் வேலை பார்க்கிறார். என் பேரையே மறந்துவிட்டு “டிப்ளமா” என்றுதான் கூப்பிடுவார். குழி தோண்டிச் செங்கல் கட்டியதும் கேட்டார். “ஏங்க டிப்ளமா, உள்ள பூசணுமா?”

“பின்ன? வாட்டர்ப்ரூஃப் பவுடர் ரெண்டு பாக்கெட் சேர்த்தே பூசுங்கண்ணே. சொட்டு லீக் ஆகக்கூடாது.”

அவர் தலையைச் சொறிந்தார். “அப்ப தண்ணி எப்புடி உள்ள வரும்?”

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்கணும். ஆனால் படித்தவன் யோசிப்பதை ஆட்கள் பார்த்தால் மரியாதை போய்விடும் என்று அப்போது நினைத்தேன். “மேலேருந்து வழிஞ்சு வரும்ணே” என்று பட்டென்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் தண்ணீருக்கென்று ஒரு தொட்டி கட்டினால் பூசி, சிமெண்டைப் பாலாகக் கரைத்து நீலு விட்டு, கண்ணாடி மாதிரி தேய்க்காமல் விடமாட்டார்கள். கொத்தனாரும் தேய்த்தார். அத்தோடு விட்டாரா? தரைக்கு மேலே நாலு அங்குல உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு வேறு கட்டினார். “வெளிம்பு இல்லாட்டி மொட்டையா இருக்கும்ங்க” என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

அப்படி அழகாகக் கட்டிய குழிதான் அந்த வியாழக்கிழமை காய்ந்து கிடந்தது. மூணு அங்குலத் தண்ணீர், நாலு அங்குல விளிம்பு. எப்படி உள்ளே போகும்?

போனில் வீட்டுக்காரர், “என்னம்மா, மோட்டார் ஓடுதா?” என்றார்.

“அது நல்லாத்தான் இருக்கு மச்சான். தண்ணிதான் அதைப் பாக்க வரமாட்டேங்குது” என்றார் அக்கா. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது ரெண்டும் சுட்டது.

கொத்தனார் சுத்தியலை எடுத்து விளிம்பின் ஒரு பக்கத்தைத் தட்டிவிட்டார். தண்ணீர் குபுகுபுவென்று குழிக்குள் இறங்கியது. மிதவை எழும்பியது. டக் என்று மோட்டார் ஓட ஆரம்பித்ததே பாருங்கள், எல்லாரும் கத்திவிட்டார்கள்! மேலே தெருவில் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுவதை ஒரு பெண் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஊத்துது அக்கா, ஊத்துது!” என்றார். அரை மணி நேரத்தில் தரை தெரிந்தது. நான் போனைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தேன்.

பத்து நிமிஷம்தான். எதிர் மூலையில் மறுபடி ஈரம். கண் முன்னாலேயே அது கோடாக நீண்டு, பாயாக விரிந்து, குழியை நோக்கி வந்தது. மோட்டார் இறைக்க இறைக்க, தரை முழுக்க ஒரு நனைந்த துணி மாதிரி ஊறிக்கொண்டே இருந்தது. அந்த ஈரத்தில் மெஷினை இறக்க முடியுமா?

“போதும்மா. டிப்பருக்குச் சொல்லிடு” என்றார் வீட்டுக்காரர். கோபமில்லை, சலித்துப்போன குரல். பெண்களில் ஒருத்தர், மாடிப்படியில் துணி சுற்றி வைத்திருந்த தன் மெஷினை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண்தான் குனிந்து, குழியின் விளிம்பை ஒட்டி உள்ளங்கையை வைத்தார். “தம்பி, இங்கயும் ஊறுதே.”

நானும் மண்டியிட்டேன். ஒரு கையை விளிம்புக்கு வெளியே தரையில் வைத்தேன், ஜில்லென்று ஊறியது. இன்னொரு கையைக் குழிக்குள் விட்டுச் சுவரைத் தொட்டேன். பளபளவென்று பூசிய சுவர். ஒரு பொட்டுக் கசிவில்லை. நடுவில் அரை அடிச் செங்கல்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் குழியைச் சுற்றி, தரைக்கு அடியில் வந்து நிற்கிறது. உள்ளே வர வழியில்லாமல் மேலே ஏறி அறைக்கு வருகிறது. வழியை அடைத்தது நான். அதுவும் பவுடர் போட்டு! கொத்தனார் அன்றைக்கே கேட்டாரே!

போனை வாங்கினேன். “சார், தப்பு என்னோடது. இந்தக் குழியைப் பூசியிருக்கவே கூடாது. கொத்தனார் கேட்டாரு, நான்தான் தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். ஒரே ஒரு மணி நேரம் குடுங்க.”

வீட்டுக்காரர், “உடைங்க தம்பி. எப்படியும் மூடப்போற ரூம்தானே” என்றார்.

மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரை வெளியே தூக்கி வைத்துவிட்டு நானே குழிக்குள் இறங்கி உளியைப் பிடித்தேன். கொத்தனார் மேலேயிருந்து சுத்தியலை ஓங்கினார். “என் கையால தேச்சதை என் கையாலயே ஒடைக்க வெச்சிட்டீங்களே டிப்ளமா” என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை சொன்னார். பூச்சு அவ்வளவு கெட்டி. ஏழெட்டு அடி விழுந்த பிறகு செங்கல் பிளந்தது.

சர்ரென்று தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது பாருங்கள்! மூச்சு முட்டிவிட்டது. “யா அல்லா!” என்று அக்கா பின்னால் நகர்ந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இன்னொண்ணு போடுங்கண்ணே!” என்று கத்தினேன். நாலு பக்கமும் ஓட்டை போட்டோம். நாலு பக்கமிருந்தும் தண்ணீர் பாய்ந்தது. நான் தொப்பலாக நனைந்து ஏறி வருவதற்குள் குழி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. நான் மோட்டாரை இறக்க, ஈரமில்லாத கையோடு கொத்தனார் பிளக்கைச் செருகினார். ஓடியது. நின்றது. மறுபடி தானாக ஓடியது.

இந்தத் தடவை நான் கத்தவில்லை, எதிர் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் பாங்கு சொல்லும் நேரத்தில் ஈரம் விரிவது நின்றது. சாயங்காலம் மூலையில் வெள்ளையாகத் தரை தெரிந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அக்கா போனை அந்த மூலையில் காட்டி, “அல்ஹம்துலில்லாஹ். டிப்பரு வேணாம் மச்சான்” என்றார். அதற்கு முன்னாலேயே பெண்கள் மெஷின்களை இறக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த வருஷ மழை முழுக்க அறை காய்ந்தே இருந்தது, போன வருஷமும்தான். இப்போதெல்லாம் வேலைக்குப் போகும் இடத்தில் கொத்தனார் ஒரு கேள்வி கேட்டால், எனக்குத் தெரியவில்லை என்றால், “தெரியலண்ணே, யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லி இதுவரை என் மரியாதை ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

அன்றைக்குப் பில் எழுதும்போது, பூசியதற்கும் பூசியதை உடைத்ததற்கும் ஆன செலவை என் கூலியில் கழித்திருந்தேன். அக்கா அந்த வரியை அடித்துவிட்டு, “அதையும் எங்க கணக்குலயே எழுது தம்பி. நீ மூஞ்சியில தண்ணி வாங்குனதைப் பார்த்தோமே, அதுக்கு” என்றார்.

மோட்டார், குழி, கூலி, பூசியது, உடைத்தது எல்லாம் சேர்த்து அவர்களுக்கு ஆனது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.