வெட்டுக்கிளிக்கு ஒரு கேடயம்

கல்லூரியிலிருந்து போன் வந்தபோது அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை உருளை இஸ்திரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். இயந்திர இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை. மேற்பார்வை பார்க்கும் அம்மாள் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். விளையாட்டு விழாவில் ஒவ்வொரு வருஷமும் பழைய ஆட்டக்காரர் ஒருவரைக் கௌரவிக்கிறார்களாம். இந்த வருஷம் கால்பந்துக்காக அவளை.

"பந்தா? நீயா? மாடிப்படி ஏறவே கைப்பிடியை விடமாட்டியே!" என்றாள் அம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

கல்லூரியில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். இடது ஓரத்தில் சும்மா நிற்பதுபோல் நிற்பாள்; எதிராளி சுதாரிப்பதற்குள் பந்தும் இருக்காது, அவளும் இருக்கமாட்டாள். அந்தக் கல்லூரி பல்கலைக்கழகக் கோப்பையைத் தூக்கியது ஒரே ஒரு தடவைதான். இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலும் அவள் போட்டவை. மாநில அணித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

"அரைக்கால் சட்டையோட ஊர் ஊரா ஓடினா உன்னை எவன் கட்டுவான்?" என்று கத்தியவன், அவளுடைய பூட்ஸை வாசலில் நின்ற குப்பை லாரியில் எறிந்தான். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வருஷமே கல்யாணம். புருஷனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை குட்டி என்று ஆகுமுன்பே அவனும் இறந்துபோனான். அப்புறம் இந்த வேலை. ஈரத் தரையில் நின்று நின்றே முட்டி தேய்ந்தது.

விழாவுக்குத் தனியாகத்தான் போனாள். முதல் வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கல்லூரிக்காரர்கள் பழைய முகவரியைப் பிடித்து அவனிடம்தான் முதலில் பேசியிருக்கிறார்கள். அவளுக்குக் கேடயம் கொடுத்த கையோடு அவனையும் மேடைக்கு அழைத்தார்கள்.

"சின்ன வயசுல இவ கையைப் பிடிச்சு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தாங்க. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு எத்தனையோ பேர் கேட்டாங்க. நான் காதுலயே வாங்கலை."

அவன் குரல் தழுதழுத்தது. கைதட்டல் ஓய நேரமாயிற்று. நடிக்கிறான் என்றிருந்தால்கூட அவளுக்குக் கோபம் வந்திருக்கும். கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது.

மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள். "மேடம், நீங்க ஏன் ஸ்டேட்டுக்கு ஆடலை?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனும் பதிலுக்குக் காத்திருப்பவன்போல் அவளையே பார்த்தான்.

"கல்யாணம் ஆயிடுச்சும்மா."

அரங்கம் சிரித்தது.

பிறகு காட்சி ஆட்டத்தைத் தொடங்கிவைக்க மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். இடது காலை வீசினாள். முட்டி மடங்கியது. பந்து கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. நடை பழகும் குழந்தைக்குத் தட்டுவதுபோல் தட்டினார்கள்.

திரும்பும்போது அண்ணன் தன் காரில் ஏற்றிக்கொண்டான்.

"உன் ரூம்ல இதை எங்க மாட்டுவே? சுவரெல்லாம் ஈரம். என் ஹால்ல இருக்கட்டும், நாலு பேர் பார்ப்பாங்க."

"அண்ணே, என் பூட்ஸைத் தூக்கி எறிஞ்சது நீதானே?"

"நானா?" அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். "என்ன உளர்றே? உனக்குத்தான் கல்யாணத்துக்கு அவசரமா இருந்துச்சு. இன்னைக்கு நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இப்படிப் பேசறே?"

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. நிஜமாகவே மனசு நொந்துபோயிருந்தான். பூட்ஸை எறிந்ததைப் பார்த்த இன்னொரு ஆள் அம்மா மட்டும்தான். அவளும் போய்ச் சேர்ந்தாயிற்று. இனி யாரிடம் போய்க் கேட்பது? கேடயத்தைப் பின் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் வேறொருவரைக் கௌரவிக்கும் விழாவுக்கும் கல்லூரி அவளை அழைத்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அண்ணன் போனான். முதல் வரிசையில் உட்கார வைத்தார்களாம்.