டிரம் தெப்பம்

ராக்கையாவால் வலது முழங்கையை நேராக நீட்ட முடியாது. சாயப் பட்டறையில் துணி மூட்டை தூக்கி வந்த வலி என்றுதான் டாக்டரிடம் சொல்வார். தெப்பம் இழுத்து வந்த வலி என்றால் அந்தக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குத் தெம்பில்லை.

சிவகங்கைப் பக்கமிருந்து மனைவி ராமுத்தாயோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். ஓடையோரத்து லைன் வீட்டில் குடித்தனம். ஒரு ஐப்பசியில் விடாமல் கொட்டிய மழையில், ஓடைத் தண்ணீர் நொய்யலில் வடியாமல் எதிர்த்து ஏறியது. பள்ளத்து வீடுகளில் ஜன்னல்வரை வெள்ளம். ஜனம் ஓட்டின்மேல் ஏறிக் கத்தியது. தீயணைப்பு வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

பட்டறை வாசலில் காலி நீல டிரம்கள் கிடந்தன. சொந்த ஊர்க் கோயில் தெப்பத்துக்கு டிரம் கட்டிப் பழகிய ஆள் ராக்கையா. மூடிகளை இறுக்கி, குறுக்கே சவுக்குக் கட்டைகளைப் போட்டு, பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைக் கயிறாகத் திரித்துக் கட்டினார். அந்தத் துணி நனைந்தால் இழுபடும். ஜனத்தை ஏற்றிக் கரைக்கு இழுத்து வந்த ஒவ்வொரு நடையிலும் கட்டு தளர்ந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று திரும்பத் திரும்ப இறுக்கினார். கடைசி வீட்டு வேலாத்தாள் மட்டும் கூரையைவிட்டு இறங்க மறுத்தாள்.

"ஆட்ட உட்டுப்போட்டு நான் எப்படிங்க வருவேன்?"

"அதையும் தூக்கிட்டு வாங்க ஆத்தா. நிக்க முடியல எனக்கு."

ஆடும் ஏறிற்று. யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

அதைப் பார்த்துத்தான் பொருட்காட்சி நடத்தும் சிவராஜ் அவரைத் தேடி வந்தார். "ஏனுங்க ராக்கையா, அதே வேலைதானுங்க. மூட்டை தூக்க வேண்டாம். சாயங்காலம் வந்து தெப்பத்தத் தள்ளுனாப் போதுமுங்க."

கை ஏற்கெனவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்ததால் ராக்கையா சம்மதித்தார்.

காங்கயம் ரோட்டு மைதானத்தில் தார்ப்பாய் விரித்த பெரிய குளம். நடுவில் அட்டை வீடு. மோட்டார் தண்ணீரை உறிஞ்சி மழையாகப் பொழியும். கூரையிலிருந்து "காப்பாத்துங்க" என்று சித்ரகலா அலறுவாள். பகலில் தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். ராக்கையா போய் அவளை ஏற்றி வருவார். ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளுக்குத் தெப்ப சவாரி. நாளாக ஆக அந்த அலறல் அவர் மண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுப்படியிலிருந்து ராமுத்தாய் சாதாரணமாகக் கூப்பிட்டால்கூடத் தூக்கிவாரிப் போடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ராமுத்தாயும் பார்க்க வந்திருந்தாள். அட்டைக் கூரையின் முட்டு சரிந்து சித்ரகலா தண்ணீருக்குள் விழுந்தாள். அவள் துப்பட்டாவை மோட்டார் குழாய் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அலறல் வரவில்லை. அதில்தான் ராக்கையாவுக்கு விஷயம் புரிந்தது. குதித்தார்.

"நம்ம ஹீரோ குதிச்சுட்டாருங்க!" என்று மைக் முழங்கியது. கைதட்டலும் விசிலும் மைதானத்தையே நிறைத்தன.

"மோட்டார நிறுத்துங்கய்யா!" என்று கத்தினார். அதுவும் வசனம் என்று நினைத்துச் சிரித்தார்கள். ராமுத்தாய்க்கு மட்டும் புருஷன் குரல் தெரியும். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, சுவிட்சை அணைத்தாள். துப்பட்டா விடுபட்டது. வளைந்த கையாலேயே பெண்ணை அள்ளித் தெப்பத்தில் போட்டார். அவள் தண்ணீராகக் கக்கினாள். அதற்கும் கைதட்டினார்கள்.

சிவராஜ் பதறிப்போய்த்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தார். ஆனால் மறுநாள் வந்து தலையைச் சொறிந்தார். "இத்தன கைதட்டு என்னைக்கும் விழுந்ததில்லீங்க. அந்தக் குதிக்கிறத மட்டும் தினமும் வெச்சுக்கலாமுங்களா?"

ராக்கையாவுக்குக் கோபம்கூட வரவில்லை. "முடியலய்யா," என்றார். "வேற ஆளப் பாத்துக்கங்க."

சித்ரகலாவும் பொருட்காட்சியை விட்டுவிட்டு மங்கலத்தில் ஒரு தறிக் குடோனில் சேர்ந்தாள். சில மாதம் கழித்து அவளே சொல்லி அவருக்கும் அங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். டீ நேரத்தில் இருவரும் சுவரில் சாய்ந்து உட்காருவார்கள்.

"பஸ் கூட்டமாண்ணா?"

"நின்னுக்கிட்டேதான் வந்தேன்மா."

டீயைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார்கள்.